உப்புத்தாள் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எதற்கு ஒன்பது லட்சம் கடன்?

செங்கோட்டையில் மரப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு வணக்கம். ஊரை மட்டும் சொல்லி, பெயரை எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு இந்த மாதம் பல வீடுகளில் நடக்கிறது என்பதால் மற்றவர்களும் படிக்கட்டும்.

அன்றைக்கு மதினி கேட்டது ஒன்றே ஒன்று: "கணக்குல இப்படி மார்க் வாங்கிட்டாளே, இனி இவளுக்கு என்ன வழி?" வழி நிறைய இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றேன். ஆறுதல் அத்தோடு போதும். நீங்கள் கிளம்பிய பிறகு உங்கள் மச்சான் சென்னையிலிருந்து பேசினார். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' சீட் பேசி வைத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்ட வேண்டுமாம்.

கட்டாதீர்கள்.

நன்கொடை, நான்கு வருடக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் என்று நீங்களே கணக்குச் சொன்னீர்கள். அதைக் கடனாக வாங்கி, 11 சதவீத வட்டியில் ஏழு வருடம் கட்டினால் மாதத் தவணை 15,400 ரூபாய் வரும். படிக்கிற நான்கு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்த பிள்ளை, புள்ளியியலும் லீனியர் ஆல்ஜீப்ராவும்தான் அடித்தளம் என்கிற படிப்பில் அரியர் இல்லாமல் வெளியே வந்து, முதல் வேலையில் அந்தத் தவணையைக் கட்டிவிட்டு மிச்சத்தில் சாப்பிட வேண்டும். மச்சானுக்கு நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை. "கல்யாணத்துக்குப் பேசும்போது பி.இ.ன்னு சொல்லிக்கலாம்" என்று அவர் சொன்னதற்கு நான் பதிலே சொல்லவில்லை. பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடும் இரண்டு எழுத்துக்கு ஒன்பது லட்சம் அதிகம்.

பி.சி.ஏ., பி.காம்., நர்சிங், டீச்சர் டிரெயினிங் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் அவற்றைத் தொடப்போவதில்லை.

உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். கோடிங் பிடிக்குமா என்று கேட்டபோது "தெரியல சார்" என்று தரையைப் பார்த்தாள். பட்டறையில் என்ன செய்வாய் என்று கேட்டதும் நாற்காலியில் முன்னுக்கு வந்துவிட்டாள். கதவுப் பேனலைத் தேய்ப்பதற்கு முன்னால் அதன் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்துவிடுவாளாம். 80 நம்பர் உப்புத்தாள் போட்டு (நம்பர் ஏற ஏறத் தாள் நைஸாகும்) எல்லாக் கோடும் போன பிறகுதான் 120 நம்பர். மறுபடி கோடு, அப்புறம் 180. எங்கே கோடு மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம் என்று அர்த்தம். தேய்த்து முடித்ததும் லைட்டை மேலே பிடிக்காமல் பலகையோடு படுக்கவைத்துப் பிடித்தால் மெஷின் போட்ட சுருள் கீறல் தெரியும், இல்லாவிட்டால் பாலிஷ் ஏறிய பிறகுதான் தெரியும் என்றாள். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "பாத்துப் பாத்துதான்" என்றாள். அண்ணாச்சி, இந்தக் கண்ணும் கையும்தான் அவளுடைய மார்க் ஷீட். அரசாங்கம் கொடுத்த தாளில் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

உடனே மதினிக்குக் கோபம் வரும்: "பொம்பளப் பிள்ளையக் காலம் பூரா தூசில நின்னு தேய்க்கச் சொல்றீங்களா?" இல்லவே இல்லை. கையால் தேய்க்கும் வேலைக்கு அவளை அனுப்பாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995லேயே வகைப்படுத்திவிட்டது. முக்கியமாக மூக்கிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வருவது. தேக்குத் தூசி சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிழைப்பும் தரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் பட்டறையில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்கும் வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேரும் தீபாவளிக்குப் போனால் பொங்கல் கழித்துத்தான் வருகிறார்கள் என்றீர்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன்கூடத் தேய்ப்புக்கு வரமாட்டேன் என்கிறான். ஆள் வராத, உடம்பைக் கெடுக்கிற, ஆனால் சரக்கின் விலையையே தீர்மானிக்கிற ஒரு வேலை. ரோபோ முதலில் நுழைவது இப்படிப்பட்ட இடத்தில்தான். கையால் தேய்ப்பதற்குப் பதில், தேய்க்கிற ரோபோவை ஓட்ட அவள் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் என் யோசனை.

இதை வெல்டிங் ரோபோ மாதிரி நினைத்துவிடக் கூடாது. வெல்டிங்கில் எந்த இடத்துக்குப் போவது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும். தேய்ப்பில் எவ்வளவு அழுத்துவது என்பதுதான் முக்கியம். மரம் ஒன்றுபோல இருக்காது, பலகை லேசாக வளைந்திருக்கும், கணு வரும் இடம் இறுகியிருக்கும். அதனால் ரோபோக் கையின் நுனியில், சாண்டிங் மெஷினுக்கு முன்னால், விசையை அளக்கும் சென்சாரோ காற்றழுத்தத்தில் உள்ளே வெளியே நகரும் ஒரு மென்மையான இணைப்போ வைக்கிறார்கள். 20 நியூட்டன் என்று அமைத்தால், அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோ எடை வைத்த அழுத்தம், பலகை மேடு பள்ளமாக இருந்தாலும் அதே அழுத்தத்தில் போகும். மெஷினின் தட்டில் இருக்கும் துளைகள் வழியே தூசியை அங்கேயே உறிஞ்சிவிடும். ஆஸ்திரியாவின் ஃபெர்ரோபோட்டிக்ஸ், கனடாவின் ரோபோட்டிக் (Robotiq) போன்ற நிறுவனங்கள் இந்த நுனிக் கருவிகளையே தொழிலாக வைத்திருக்கின்றன. ரோபோக் கைக்கு டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ், ஜப்பானின் ஃபனூக் என்று பல பெயர்கள்.

சரி, கையும் சென்சாரும் காசு கொடுத்தால் கிடைக்கும். கிடைக்காதது என்ன? ஓரத்துக்கு வரும்போது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மேலே ஒட்டிய மெல்லிய மர ஏடான வெனீர் ஓட்டை விழுந்து அடியிலிருக்கும் பிளைவுட் தெரியும். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் பாதி அகலமாவது மேலேறி வர வேண்டும். தாள் தேயத் தேய அதே அழுத்தத்தில் வெட்டு குறையும்; எத்தனை கதவுக்கு ஒரு முறை தாள் மாற்றுவது என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். பலகையின் முனைப் பக்கம் நிறச்சாயத்தை (ஸ்டெயின்) அதிகம் குடிக்கும், அங்கே ஒரு நம்பர் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சான சீலர் அடித்த பிறகு தேய்ப்பது வேறு கதை, அங்கே விரல் அழுத்தம்கூட அதிகம். இதில் ஒன்றுகூட ரோபோ விற்பவருக்குத் தெரியாது. புரோகிராம் எழுதும் பி.இ. பையனுக்கும் தெரியாது. உங்கள் மகளுக்குப் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும்.

பொருளை கேமராவால் ஸ்கேன் செய்து தானே பாதை போட்டுக்கொள்ளும் ரோபோக்கள் வந்துவிட்டனவே, அப்புறம் ஆள் எதற்கு என்று மச்சான் கேட்பார், ஐ.டி.யில் இருப்பவர் அல்லவா. உண்மைதான். அமெரிக்காவின் கிரேமேட்டர் ரோபோட்டிக்ஸ் தேய்ப்புக்கும் மெருகுக்கும் அதைத்தான் செய்கிறது. அங்கேயும் பலகையை அசையாமல் பிடிக்கும் ஜிக் வைக்க, தாள் தேர்ந்தெடுக்க, முடிந்த பலகையைப் பார்த்து "இது போகும், இது போகாது" என்று சொல்ல, வேலை தெரிந்த ஆள் நிற்கத்தான் வேண்டும்.

இனி படிப்பு. அரசு ஐடிஐயில் 'இண்டஸ்ட்ரியல் ரோபோட்டிக்ஸ் அண்ட் டிஜிட்டல் மேனுஃபேக்சரிங் டெக்னீஷியன்' என்று ஒரு ட்ரேட் இருக்கிறது. ஒரே வருடம். பத்தாம் வகுப்பு பாஸ் போதும், அவள் பிளஸ் டூவே முடித்திருக்கிறாள். தமிழ்நாடு அரசு 2022இல் டாடா டெக்னாலஜிஸுடன் ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐடிஐக்களில் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் தொழில் 4.0 (கம்ப்யூட்டரும் ரோபோவும் சேர்ந்த நவீன உற்பத்தி) மையங்கள் கட்டியது. ரோபோக் கை, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின், த்ரீ-டி பிரிண்டர் எல்லாம் அங்கே வந்தது அப்படித்தான். ஐடிஐ என்றாலே துருப்பிடித்த லேத்தும் உடைந்த பெஞ்சும் என்று நினைக்கிற நம் சொந்தக்காரர்கள் யாரும் சமீபத்தில் ஒன்றுக்குள் போய்ப் பார்த்ததில்லை.

செலவு? பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை உண்டு. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம், ஐடிஐயும் அதில் அடக்கம்.

கணக்கிலிருந்து தப்பித்துவிடலாம் என்று மட்டும் அவள் நினைக்கக் கூடாது. ரோபோவுக்கு எக்ஸ், ஒய், இசட் அச்சும், கோணமும் புரிந்தாக வேண்டும். ஆனால் அது கண்ணெதிரே அசைகிற கணக்கு. கையைப் பிடித்து ஒரு இடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தைப் பதிவு செய்து, அடுத்த இடம் என்று பாதை சொல்லிக்கொடுப்பார்கள். பலகையின் வளைவைத் தடவிப் பார்க்கிற பிள்ளைக்கு இது வரும். வராவிட்டால் ஒரு வருடம்தான் போயிருக்கும், தலையில் கடன் இருக்காது.

அதன் பிறகு அப்ரெண்டிஸ். முதலில் உங்கள் பட்டறைக்கு வராமல் வெளியே போகட்டும். ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரோபோ வைத்த ஆலைகள் இருக்கின்றன. தேய்ப்பும் மெருகும் மரத்தோடு நிற்பதில்லை: கோவையில் பம்ப் வார்ப்புகளுக்கு, கார் பாடிக்கு, காற்றாலை இறக்கைகளுக்கு எல்லாவற்றுக்கும் உண்டு. மரத்தொழில் படுத்தாலும் கை படுக்காது. தூத்துக்குடியில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட் பர்னிச்சர் பூங்காவுக்கு 2022இல் அடிக்கல் நாட்டினார்கள். அதை நம்பி முடிவெடுக்கச் சொல்லவில்லை, பக்கத்து மாவட்டம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தையே ஆழமாகப் படிக்க ஆசைப்பட்டால் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மரவேலை எந்திரங்களுக்குத் தனிப் பயிற்சி மையமே வைத்திருக்கிறார்கள். பின்னால் அவளாகவே டிகிரி வேண்டும் என்று சொன்னால், பிளஸ் டூவை வைத்து டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்துப் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். அவளாகவே சொன்னால் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை அண்ணாச்சி. ரோபோ பற்றி நான் பேசப் பேச உங்கள் கண் மின்னியதைப் பார்த்தேன். "சீட்டுக்கு வச்சிருந்த பணத்துல ஒரு ரோபோ வாங்கிரலாமா?" என்று வாசலில் கேட்டீர்கள். கூடாது. இறக்குமதிக் கை, விசை சென்சார், தூசி உறிஞ்சி, ஜிக் என்று முழுதாக அமைத்தால் இருபது லட்சத்தைத் தாண்டும். 25 என்றே வையுங்கள். உங்கள் தேய்ப்பு ஆட்கள் இரண்டு பேர், நாள் கூலி 700, மாதம் 26 நாள்: 36,400 ரூபாய். இரண்டு பேரையும் முழுசாக நிறுத்தினாலும் போட்ட காசு திரும்ப ஏறக்குறைய ஆறு வருடம். கரண்ட், தாள், ரிப்பேர் தனி. இரண்டு ஷிப்ட் ஓடுகிற அளவுக்கு ஒரே மாதிரிக் கதவு ஆர்டர் இருந்தால் வேறு பேச்சு. உங்களிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அளவு.

தட்டையான பலகைக்கு ரோபோவே தேவையில்லை, அகல பெல்ட் சாண்டிங் மெஷினில் உள்ளே தள்ளினால் அந்தப் பக்கம் வழவழவென்று வந்துவிடும். கடைந்த கால்களை லேத்திலேயே சுற்றவிட்டுத் தேய்த்துவிடலாம். சிற்ப வேலைப்பாட்டுக்கு இன்னும் மனிதக் கைதான். ரோபோவுக்குச் சரியான இடம் நடுவில் இருக்கிறது: மோல்டிங் ஓடிய கதவு, வளைந்த நாற்காலிக் கை, சீலருக்குப் பிந்தைய தேய்ப்பு. இதுவும் செங்கோட்டையில் ஒரு பட்டறைக்குக் கட்டாது, நாலைந்து பட்டறை சேர்ந்தால் கட்டலாம். சிறுதொழில்கள் கூட்டாகப் பொதுவசதி மையம் அமைக்க மத்திய அரசின் எம்.எஸ்.இ.-சி.டி.பி. என்ற சிறுதொழில் குழும வளர்ச்சித் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், ஆனால் அவள் படித்து, வெளியே கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு வந்த பிறகு. இப்போதைக்கு வாங்குவதென்றால், தூசி உறிஞ்சியோடு சேர்ந்த நல்ல ஆர்பிட்டல் சாண்டர் இரண்டு வாங்குங்கள். அந்தப் பையன்கள் இருமுவதாவது குறையும்.

வெள்ளிக்கிழமை மச்சான் போன் செய்தால் "பிள்ளை ஐடிஐக்கு அப்ளிகேஷன் போட்டுட்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். விளக்கம் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.

அப்ளிகேஷன் ஆன்லைனில், கட்டணம் ஐம்பது ரூபாய்தான். விருப்பப் பட்டியலில் ட்ரேடின் பெயரைச் சரியாகப் பார்த்து முதலில் போடுங்கள், திருநெல்வேலி பேட்டையிலோ பக்கத்திலோ எந்த ஐடிஐயில் இந்த வருடம் சீட் காட்டுகிறது என்பதும் அங்கேயே தெரியும். போடுவதற்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் ஒரு நடை போய் வாருங்கள். பிரின்சிபாலிடம் பேசுவதைவிட ரோபோ இருக்கும் அறையில் படிக்கிற பிள்ளைகளிடம் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நீங்களே அதை ஓட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். தரையில் அழுக்கும் கன்ட்ரோல் பெட்டியில் விரல்தடமும் இருந்தால் தைரியமாகச் சேருங்கள். கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தால் அடுத்த ஐடிஐக்கு பஸ் ஏறுங்கள்.