சுக்கான் பிடித்தவளும் சுத்தியல் அடித்தவனும்: சாகசப் பட ஜோடிகள், வாசகர் கேள்வி – பதில்

பழைய ஹாலிவுட் படங்களிலும் சாகசப் படங்களிலும் மறக்க முடியாத காதல் ஜோடிகளைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இந்த இதழில். பதில்களில் படங்களின் முடிவுகளும் வரும். இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அந்தந்தக் கேள்வியைத் தாண்டிப் படியுங்கள்.

கேள்வி: சாகசப் படங்களில் தலைசிறந்த காதல் ஜோடி என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால்?

'தி ஆப்பிரிக்கன் குயின்' (1951) படத்தின் சார்லியும் ரோஸும். தயக்கமே இல்லை. ஹம்ப்ரி போகார்ட்டும் கேத்தரின் ஹெப்பர்னும் நடித்தது, ஜான் ஹூஸ்டன் இயக்கியது. இருவருமே அப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். மேக்கப்பால் வயதை மறைக்கவும் இல்லை. கதை நடப்பது 1914இல், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில். சார்லி ஜின் குடித்துக்கொண்டு ஒரு ஓட்டை நீராவிப் படகை ஓட்டுகிறவன். ரோஸ் சகோதரனைப் பறிகொடுத்த மிஷனரிப் பெண். ஏரியில் காவல் நிற்கும் ஜெர்மன் போர்க்கப்பலை இந்தப் படகை வைத்தே தகர்த்துவிடலாம் என்று அவள்தான் திட்டம் போடுகிறாள்.

இந்தக் காதல் முழுக்க வேலை வழியாகவே வளர்கிறது. படகை உந்தும் சுழலியின் (புரொப்பெல்லர்) தண்டு வளைந்து, சுழலியின் ஒரு இதழும் உடைந்துபோகிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறான் சார்லி. ரோஸ் விடுவதில்லை. கழற்ற முடியாதா, நெருப்பில் காய்ச்சி நிமிர்த்த முடியாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். கேட்கக் கேட்க, தன்னால் முடியும் என்பது அவனுக்கே தெரியவருகிறது. கரையில் தீ மூட்டித் தண்டை நிமிர்த்தி, இதழை ஒட்டவைத்து, மறுபடி மாட்டுகிறார்கள். நாணற்காட்டில் படகு சிக்கும் இடம் இன்னும் உயர்ந்தது. கயிற்றைத் தோளில் போட்டுப் படகை இழுத்த சார்லி மேலே ஏறும்போது உடம்பெல்லாம் அட்டை. உப்பைப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். எடுத்து முடித்ததும், மறுபடி அதே தண்ணீரில் இறங்காமல் படகு நகராது என்று அவனுக்குப் புரிகிறது. அந்த நொடியில் போகார்ட்டின் முகத்தைப் பாருங்கள். அதை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஹெப்பர்னையும் பாருங்கள். எந்தக் காதல் வசனமும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று. முதல் முறை நெருங்கிய பிறகுதான், உங்கள் பெயர் என்ன என்று ரோஸ் அவனைக் கேட்கிறாள். அதுவரை அவன் அவளுக்கு வெறும் 'மிஸ்டர் ஆல்நட்' மட்டுமே.

போகார்ட் வாங்கிய ஒரே ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான்.

கேள்வி: 'கேஸபிளாங்கா' (1942) படத்தின் முடிவு நடிகர்களுக்கே தெரியாமல் எடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள். கணவன், பழைய காதலன் இருவரில் யாரிடம் காதலைக் காட்டுவது என்று இங்க்ரிட் பெர்க்மன் கேட்டபோது, இரண்டுக்கும் நடுவில் நடியுங்கள் என்பதுதான் கிடைத்த பதில். பெர்க்மன் நடித்த இல்சாவின் முகத்தில் கடைசிவரை தங்கும் அந்தத் தவிப்பு ஓரளவு அப்படி வந்தது. ஆனால், முடிவு எப்படி வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மணமான பெண் கணவனை விட்டுவிட்டுக் காதலனோடு போவதை அன்றைய தணிக்கை விதிகள் அனுமதித்திருக்காது.

கடைசி விமான நிலையக் காட்சியை அரங்குக்குள்ளேயே எடுத்தார்கள். பின்னால் நிற்பது சிறிய அளவில் செய்த விமான உருவம். அது பெரிதாகத் தெரிய, குள்ளமான ஆட்களை மெக்கானிக் வேடத்தில் அருகே நிறுத்தினார்கள். குறை தெரியாமலிருக்க மூடுபனியைப் பரப்பினார்கள். போகார்ட்டைவிடப் பெர்க்மன் சற்று உயரம் என்பதால், போகார்ட்டின் காலணிக்குக் கீழே கட்டை, உட்காரும் இடத்தில் மெத்தை என்று ஈடுகட்டினார்கள்.

இந்தப் படத்திலிருந்து உலகமே மேற்கோள் காட்டும் 'ப்ளே இட் அகெய்ன், சாம்' என்ற வசனம் படத்தில் கிடையாது. பெர்க்மன் 'ப்ளே இட், சாம்' என்று மட்டும்தான் சொல்கிறார். பியானோ வாசிக்கும் சாமாக நடித்த டூலி வில்சன் உண்மையில் டிரம்ஸ் கலைஞர். பியானோ வாசித்தது வேறொருவர். சாமிடம் அவர் கேட்கும் 'ஆஸ் டைம் கோஸ் பை' பாட்டும் படத்துக்காக எழுதியதல்ல, 1931இலேயே வந்துவிட்டது. இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனர் அதை மாற்றிப் புதிதாக ஒன்று போட விரும்பினார். ஆனால் அடுத்த படத்துக்காகப் பெர்க்மன் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டதால் காட்சிகளைத் திரும்ப எடுக்க வழியில்லை. பாட்டு பிழைத்தது, நாமும் பிழைத்தோம்.

கேள்வி: பழைய படங்களில் முத்தம் ஏன் சட்டென்று முடிந்துவிடுகிறது?

ஹாலிவுட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட தணிக்கை விதிகள் காரணம். 1930இல் எழுதி, 1934 நடுப்பகுதியிலிருந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்தி, 1968இல் கைவிட்டார்கள். மிகையான, காமம் தொனிக்கும் முத்தம் கூடாது என்பது எழுத்தில் இருந்த விதி. மூன்று விநாடி என்பது நடைமுறையில் இருந்த கணக்கு.

இதை மிக அழகாக ஏமாற்றியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் கேரி கிராண்ட்டும் பெர்க்மனும் பால்கனியிலிருந்து தொலைபேசிக்கும், அங்கிருந்து வாசலுக்கும் ஒட்டிக்கொண்டே நடக்கிறார்கள். உதடு தொடும், விலகும், ஒரு வாக்கியம் பேசும், மறுபடி தொடும். தனித்தனியாகப் பார்த்தால் எந்த முத்தமும் விதியை மீறவில்லை. சேர்த்தால் இரண்டரை நிமிடம்! பேசுவது என்னவோ இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி சமைப்பதைப் பற்றி. பேச்சு சாதாரணமாக இருப்பதால்தான் நெருக்கம் அவ்வளவு உண்மையாகப் படுகிறது. அடுத்த காட்சியிலேயே அந்தச் சாப்பாடு ஆறிப்போகிறது, காதலும் கூடவே. தணிக்கை இல்லாதிருந்தால் இப்படியொரு காட்சியே பிறந்திருக்காது என்பது என் கருத்து.

'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) ரயில் உணவுப் பெட்டியில் ஈவா மேரி செயின்ட் பேசும் ஒரு வரியில் உதடு சொல்வது ஒன்று, காதில் விழுவது வேறொன்று. வெறும் வயிற்றில் காதலைப் பற்றி 'விவாதிப்பதில்லை' என்று பின்னர் டப்பிங்கில் மென்மையாக்கிய வரி அது. உதட்டைக் கவனித்தால் பிடித்துவிடலாம்.

கேள்வி: எரோல் ஃப்ளின் – ஒலிவியா டி ஹாவிலாண்ட் எத்தனை படங்களில் ஜோடி? எதிலிருந்து தொடங்குவது?

எட்டுப் படங்கள், 1935 முதல் 1941 வரை. 'கேப்டன் பிளட்' முதல் படம். அப்போது ஒலிவியாவுக்கு வயது 19. தொடங்க வேண்டியது 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' (1938). டெக்னிகலர் வண்ண முறையின் பச்சையும் சிவப்பும் இன்றும் கண்ணைப் பறிக்கும். படத்தில் நாயகி மரியன் ஏறிவரும் பொன்னிறக் குதிரைதான் பின்னாளில் கௌபாய் நடிகர் ராய் ராஜர்ஸின் 'டிரிகர்' என்று புகழ்பெற்றது.

முடிக்க வேண்டியது 'தே டைட் வித் தெர் பூட்ஸ் ஆன்' (1941). ஒரு எச்சரிக்கை: அமெரிக்கப் பூர்வகுடிகளோடு நடந்த போர்களைப் பற்றி இந்தப் படம் சொல்வதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஜெனரல் கஸ்டரை அளவுக்கு மீறி வெள்ளையடித்திருக்கிறது. ஆனால் போருக்குப் புறப்படும்முன் மனைவியிடம் விடைபெறும் காட்சி வேறு தரம். அவன் திரும்பமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். தெரியும் என்பதை இருவருமே காட்டிக்கொள்வதில்லை. இருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படமும் அதுதான்.

கேள்வி: 'ரோமன் ஹாலிடே' (1953) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அலறுவது உண்மையான பயமா?

ஆமாம். பொய் சொல்பவரின் கையைக் கடித்துவிடும் என்று சொல்லப்படும் 'உண்மையின் வாய்' என்ற கல்முகம் ரோமில் இருக்கிறது. கையை உள்ளே விட்ட கிரிகரி பெக், வெளியே இழுக்கும்போது அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துவிட்டார். இதை ஆட்ரியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அலறல், அடி, சிரிப்பு எல்லாம் தானாக வந்தவை. திரையில் நிகழ்வது ஒரு நம்பிக்கைப் பரிமாற்றமும்கூட: இருவருமே ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஆட்ரிக்கு இந்தப் படம் ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது.

கேள்வி: போகார்ட் – லாரன் பக்கால் ஜோடியின் அந்தப் பார்வையைப் பற்றிச் சொல்லுங்கள்.

'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' (1944). பக்காலுக்கு 19 வயது, முதல் படம். பதற்றத்தில் தலை நடுங்கியது. முகவாயை நெஞ்சோடு ஒட்டினாற்போல் தாழ்த்தினால் நடுக்கம் நின்றது. அப்படித் தாழ்த்தியபடி எதிரில் நிற்பவரைப் பார்க்க, கண்ணை மட்டும் மேலே தூக்க வேண்டியிருந்தது. உலகம் கொண்டாடிய பார்வை பிறந்த விதம் இதுதான். 1945 மே மாதம் இருவரும் மணந்துகொண்டார்கள். மொத்தம் நான்கு படங்களில் சேர்ந்து நடித்தார்கள்.

கேள்வி: பிற்காலச் சாகசப் படங்களில் இதற்கு இணையான ஜோடிகள் உண்டா?

மூன்று ஜோடிகளைச் சொல்லலாம்.

'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981): ஹாரிசன் ஃபோர்டும் கேரன் ஆலனும். ஆலன் நடித்த மரியன் அறிமுகமாவதே குடிப்போட்டியில் ஒருவரைச் சாய்த்துத்தான். கப்பலில் அடிபட்டுக் கிடக்கும் நாயகன் இண்டி எங்கே தொட்டாலும் வலிக்கிறது என்கிறான். பின்னே எங்கேதான் வலிக்கவில்லை என்று எரிச்சலோடு கேட்கிறாள். முழங்கையைக் காட்டுகிறான், முத்தமிடுகிறாள். நெற்றி, கண், கடைசியில் உதடு. அதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் வந்த ஐந்தாம் படம் இதே காட்சியை முதுமையில் திரும்பக் கொண்டுவந்தது. முதல் படம் பார்க்காமல் அதைப் பார்த்தால் பாதி சுகம் போய்விடும்.

'ரொமான்சிங் தி ஸ்டோன்' (1984): காட்டில் தவிக்கும் நாவலாசிரியையை ஒரு தொலைபேசி இருக்கும் இடம்வரை கூட்டிப்போக மைக்கேல் டக்ளஸ் 400 டாலர் கேட்கிறார், கேத்லீன் டர்னர் 375க்குப் பேரம் முடிக்கிறார். அவருடைய விலை உயர்ந்த காலணியின் குதிகால்களைக் கத்தியால் வெட்டி எறியும் இடத்தில்தான் உறவு ஆரம்பிக்கிறது.

'தி மம்மி' (1999): பிரெண்டன் ஃப்ரேசர், ரேச்சல் வைஸ். அவன் அவளுக்குக் கொடுக்கும் பரிசைக் கவனியுங்கள். நகை கிடையாது, பூ கிடையாது. போட்டிக் குழுவிடமிருந்து தூக்கிவந்த அகழாய்வுக் கருவிகளின் சுருட்டுப் பை. அவள் என்ன வேலை செய்கிறவள் என்பதை அவன் புரிந்துகொண்டான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி: குறும்படத்துக்கு ஒரு சாகசக் காதல் எழுதுகிறேன். எங்கே தவறும்?

பெரும்பாலும் முதல் சந்திப்பிலேயே தவறிவிடும். அழகைக் காட்டி நேரத்தைச் செலவழிக்காமல், இருவருக்கும் ஆளுக்கொரு திறமையை அங்கேயே காட்டிவிடுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அப்போதுதான் ஒருவரை ஒருவர் சார்ந்தே தீர வேண்டும். பிறகு இருவரும் கைவைத்துச் செய்யும் ஒரு வேலை: பழுது பார்ப்பது, தாண்டுவது, தூக்குவது. அது ஒருமுறை தோற்க வேண்டும். தோற்ற இடத்தில் ஒருவர் மற்றவரைக் குறை சொல்லட்டும்; அந்தச் சண்டைக்குப் பிறகு வரும் உதவிதான் காதலாகப் படும்.

காப்பாற்றும் கணக்கையும் பாருங்கள். அவன் அவளை மூன்று முறை காப்பாற்றி, அவள் ஒருமுறைகூட அவனைக் காப்பாற்றவில்லை என்றால் அவள் ஜோடி இல்லை, சுமை. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற வரியை எழுதி வைத்திருந்தால் முதல் வேலையாக அதை அடித்துவிட்டு, காட்சி நிற்கிறதா என்று படித்துப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கோளாறு வசனத்தில் இல்லை, அதற்கு முந்தைய காட்சிகளில் இருக்கிறது.

கேள்வி: பழைய படங்களை டிவியில் போட்டால் முகங்கள் அகலமாகத் தெரிகின்றனவே?

1953க்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் சட்டத்தில் எடுத்தவை; அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. இன்றைய டிவிக்கு 1.78. 'ஸ்ட்ரெச்' அமைப்பில் முகம் பரந்துபோகும். 'ஜூம்' அமைப்பில் நெற்றியும் கையும் வெட்டுப்படும். 'ஒரிஜினல்' அல்லது 4:3 என்று வைத்து, இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரட்டும் என்று விடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் படம் டிவி தொடர்போலத் தெரியும். 'கேஸபிளாங்கா'வுக்கு வண்ணமேற்றிய பிரதி ஒன்று 1980களில் வந்தது. அது வேண்டாம். பெர்க்மனின் முகத்துக்கு ஒளி அமைத்தவர் ஆர்தர் எடிசன். கண்ணில் மின்னும் அந்தப் புள்ளிகள் எல்லாம் கறுப்பு வெள்ளையை நினைத்து வைத்தவை.

கேள்வி: ஒரே இரவில் இரண்டு படம் பார்க்க நேரமிருக்கிறது. எவை?

'கேஸபிளாங்கா' 102 நிமிடம், 'தி ஆப்பிரிக்கன் குயின்' 105 நிமிடம். இதே வரிசையில் பாருங்கள். முதலாவதில் போகார்ட் காதலியை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு நிற்கிறார். இரண்டாவதில், கழுத்தில் சுருக்கு விழ இருக்கும் நேரத்தில், எங்களுக்கு முதலில் திருமணம் செய்துவையுங்கள் என்று எதிரிக் கப்பலின் கேப்டனிடம் கேட்கிறார்.