மீட்டரைக் குறைத்து விற்ற சொகுசு கார்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: தினமும் அலுவலகம் போய்வர, ஏழு வருடம் ஓடிய ஜெர்மன் சொகுசு கார் ஒன்றைப் பழைய கார் டீலரிடம் நான்கு மாதம் முன்பு 16 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 52,000 கிலோமீட்டர் காட்டியது. ‘ஒரிஜினல் கிலோமீட்டர்’ என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார். கியர்பாக்ஸ் தகராறு செய்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். இரண்டு வருடம் முன்பே 1,18,000 ஓடியிருந்ததாக அங்கே பதிவு இருக்கிறது. டீலரிடம் கேட்டால், ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்’ என்று நான் போட்ட கையெழுத்தைக் காட்டுகிறார். ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சஸ்பென்ஷன் தேய்ந்திருக்கிறது, ஏசி சரியாகக் குளிரவில்லை என்று நீங்கள் போயிருந்தால் அது டீலருக்குக் கைகொடுத்திருக்கும். பழைய காரில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். பொய் சொல்லி வாங்கவைத்ததை அந்த ஒரு வரி மூடி மறைக்காது. பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மை என்று சொல்வது, இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவின்படி மோசடி. அப்படி ஏற்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை 19-வது பிரிவு உங்களுக்குத் தருகிறது.

‘மீட்டரைத் திருத்தியது பழைய ஓனர், எனக்குத் தெரியாது’ என்று டீலர் சொல்லக்கூடும். சரி, சொல்லட்டும். விசாரிக்காமல் உறுதி கொடுத்ததும் 18-வது பிரிவில் தவறான கூற்றுதான். ‘நீங்கள் கவனமாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்’ என்ற வாதத்துக்கு அங்கே கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் டிஜிட்டல் மீட்டரைத் திருத்தியதை வெறும் கண்ணால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. மேலும், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. உங்கள் வழக்குக்கு நான் முதலில் நம்புவது இதைத்தான்.

இப்போது நீங்கள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கப் போகிறீர்களா, காரை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்கப் போகிறீர்களா? தினசரி ஓட்டும் கார் என்பதால் இந்தக் கேள்வி உங்களுக்கு ரொம்ப முக்கியம். உண்மை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் ஓட்டினால், விற்பனையை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. முழுப் பணமும் வேண்டுமென்றால் இன்றே காரை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று டீலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேறு வண்டி இல்லை, ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் விலை வித்தியாசமும் பழுதுச் செலவும் கேளுங்கள். இழப்பீடு வழக்குதான் இரண்டில் சீக்கிரம் சமரசத்துக்கு வரும் என்பது என் கருத்து.

எந்த வழியில் போனாலும், கியர்பாக்ஸை இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால், நீங்கள் ஓட்டிக் கெடுத்தது என்று சொல்ல வழி பிறக்கும். பழைய சர்வீஸ் பதிவுகளைத் தேதி, கிலோமீட்டரோடு, முத்திரையிட்டு எழுத்தில் வாங்குங்கள். இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்ல, காரின் மற்ற பாகங்களை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் என்ற சிறு கணினிகளிலும் பதிவாகும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பல நேரம் அவற்றைத் தொடுவதில்லை. முழு ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள். அதன் பிரதியைத் தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழையும் சேருங்கள்.

முதலில் டீலருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குப் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் அங்கேயே போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது பெரிய வசதி. 16 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார், பில்லும் உங்கள் பெயரில் என்றால், ‘வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்ற ஆட்சேபம் எளிதில் நிற்காது. போலீஸ் புகாரும் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318(4)-ன்படி ஏமாற்றிப் பொருளைப் பெறுவது ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அது உங்கள் பணத்தை மீட்கும் நேர்வழி அல்ல.

எனக்கு உண்மையில் கவலையாக இருப்பது ஆர்சி. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு. விபத்தில் அடுத்தவருக்கான தேர்ட் பார்ட்டி காப்பீடு காரோடு தானாகவே உங்களுக்கு வரும். உங்கள் காருக்கான சேதக் காப்பீடு அப்படி வராது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறாமல் இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். பழைய ஓனருக்கும் இதில் ஆபத்து உண்டு: விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட அவரே முன்வருவார். அப்போது, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் இருக்கும்போது டீலரிடம் விற்றார் என்பதையும் எழுதி வாங்குங்கள். மீட்டரில் கைவைத்தது யார் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். பெயர் மாற்றம் சட்டக் கடமைக்காக மட்டுமே, என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற வரியை நோட்டீஸில் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.