அம்மாவின் கேக் நோட்டு அண்ணிக்குப் போய்விட்டது

வணக்கம். எனக்கு வயது 46. ஒரு பழைய நோட்டுக்காக இவ்வளவு வருத்தமா என்று நினைக்காதீர்கள்.

பாட்டி எழுத ஆரம்பித்த நோட்டு அது. அம்மா தொடர்ந்தார். கிறிஸ்துமஸ் கேக், பிஸ்கட், இனிப்பு ரொட்டி எல்லாம் அதில் இருக்கின்றன. பழங்களை எப்போது ஊறப்போடுவது, சர்க்கரையை எந்த நிறம் வரை கருக்குவது என்று ஓரங்களில் பாட்டியின் கையெழுத்து. அம்மா அதைத் திறந்து நான் பார்த்ததே இல்லை, எல்லாம் கண்ணளவுதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்துக் கொடுப்பது சின்ன வயதில் என் வேலை. முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்காவிட்டால் கலவை திரிந்துவிடும் என்று அதட்டிச் சொல்லிக்கொடுத்ததும் எனக்குத்தான். அண்ணன் அந்தப் பக்கமே வந்ததில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்த நோட்டை அம்மா அண்ணியிடம் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமாகி வரும்வரை அண்ணிக்குக் கேக் சுடவே தெரியாது. அம்மாவிடம் கேட்டால், "அவ கூடவே இருக்கா, அவகிட்ட இருக்கட்டும்" என்கிறார். வேலைக்காக வெளியூரில் இருப்பவள் மகள் இல்லையா?

அண்ணியின் போக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து கிண்ணம் கிண்ணமாக வரிசையில் வைத்துவிடுகிறார். ஓவனைப் போடுவதும் அணைப்பதும் அவர்தான். அம்மா எடுத்து எடுத்துக் கொட்டவேண்டியதுதான். காலமெல்லாம் தனியாகச் சுட்டவருக்கு இது அவமானம் இல்லையா? பாகு காய்ச்சும்போது அம்மா பாதியில் நின்று "அடுத்து என்னம்மா?" என்று என்னையே கேட்டார். வயசாகிறது, அதை விடுங்கள். நான் சொல்லவந்தது நோட்டைப் பற்றி. நகல் எடுத்துத் தருவதாக அண்ணி சொன்னார். எனக்கு நகல் வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

நோட்டைத் திருப்பிக் கேட்கலாமா? அம்மாவுக்கு என்மேல் பாசம் குறைந்துவிட்டதா?

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்று நீங்கள் தாண்டிப்போன வரியை என்னால் விடமுடியவில்லை.

கருக்கும் சர்க்கரை யாருக்காகவும் காத்திருக்காது. நிறம் சற்றுத் தாண்டினாலும் கசந்துவிடும். சரியான நொடியில் வெந்நீர் ஊற்றியாகவேண்டும். அதைக் கண்ணளவிலேயே செய்துவந்தவர் அடுத்தது தெரியாமல் நின்றார் என்றால், அது மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பது போன்றதல்ல. நன்றாகப் பழகிய சமையலில் வரிசை தடுமாறுவதை, மறதி நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவர்கள் கவனிப்பார்கள். உடனே பயந்துவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் இப்படி ஆகலாம். இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்யமுடியும். எது என்று பரிசோதித்துத்தான் சொல்லமுடியும்.

இப்போது உங்கள் கடிதத்தையே மறுபடி படித்துப் பாருங்கள். அளந்து வைத்த கிண்ணங்களை அவமானம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பேக்கிங் பவுடரை இரண்டு தரம் போட்டுவிடாமல், ஓவனை அணைக்க மறந்துவிடாமல், அதே சமயம் "உங்களுக்கு முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லாமல் அண்ணி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். அதனால்தான் கேக் இன்னமும் உங்கள் அம்மா கையால் ஆகிறது. அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது நியாயமில்லை அம்மா. இதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

நோட்டு விஷயமும் அப்படித்தான். திறந்தே பார்க்காதவர், அதைத் தேடியெடுத்துக் கூடவே இருப்பவரிடம் ஒப்படைத்திருக்கிறார். தன் நினைவை முழுதாக நம்பமுடியவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்கலாம். அதைப் பெற்ற மகளிடம் சொல்வது லேசான காரியமா? பாசம் குறைந்ததாக நீங்கள் எடுத்துக்கொள்ள இதில் எதுவுமே இல்லை.

நீங்களும் கவனித்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதினீர்கள், எழுதிய கையோடு மூடியும் வைத்தீர்கள். அண்ணியைக் கோபித்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பயத்தின் பக்கம் போகவேண்டியதில்லை. உங்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது.

சரி, இனி என்ன செய்யலாம்? நோட்டைத் திருப்பிக் கேட்காதீர்கள். அண்ணிக்குப் போன் செய்து, "அம்மாகிட்ட என்ன மாற்றம் பார்க்கிறீங்க, எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு ரொம்ப உதவும். அம்மா சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு இருவருமாகக் கூட்டிப்போங்கள்.

நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெண்ணெய் எவ்வளவு வெளுத்தால் போதும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். அது எந்தப் பக்கத்திலும் இருக்காது. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அண்ணிக்கு அதைக் காட்டிக்கொடுங்கள். அடிக்கும் வேலையை அம்மாவிடமே விடலாம், கைப்பழக்கம் பெரும்பாலும் வெகுநாள் நிற்கும். சூடான பாகு மட்டும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். மருத்துவரிடம் போவதைக் கிறிஸ்துமஸ் வரை தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே அண்ணியிடம் பேசுங்கள்.