ஐ.நா.வில் மற்ற நாடுகள் நம் மனித உரிமை நிலையை மீளாய்வு செய்வதை இந்தியா எப்படிப் பார்க்கிறது? திருப்பூர்க்காரர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தியா இந்த முறையை ஆதரிக்கிறது. பெரிய நாடு, சின்ன நாடு என்றில்லாமல் எல்லா நாடும் ஒரே வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதே காரணம். ஒரு நாட்டை மட்டும் குறிவைக்கும் தீர்மானங்கள் இந்தியாவுக்குப் பொதுவாகப் பிடிக்காது. 2008, 2012, 2017, 2022 என நான்கு முறை ஜெனீவாவில் பதில் சொல்லியிருக்கிறது.

ஆனால் ஆதரிப்பது வேறு, செய்வது வேறு. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டோம். பல நாடுகள் திரும்பத் திரும்பக் கேட்டும் இன்னும் உறுதிப்படுத்தவில்லை; அதாவது அதற்குச் சட்டப்படி கட்டுப்பட ஒப்புக்கொள்ளவில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். கொங்குப் பகுதி ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று நடந்ததே, நினைவிருக்கிறதா? சிறுமிகள் உட்பட இளம்பெண்களை மூன்று வருஷம் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, கல்யாணச் செலவுக்கென்று கடைசியில்தான் மொத்தமாகப் பணம் தருவார்கள். பாதியில் கிளம்பினால் அந்தப் பணம் கிடைப்பதே சந்தேகம். குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கைகள் 138, 182 இரண்டையும் இந்தியா 2017இல் ஏற்றது. 2012 மீளாய்வில் அதைக் கேட்ட நாடுகள் உண்டு. சங்கம் வைக்கும் உரிமை பற்றிய 87, 98 இன்னும் பாக்கி. பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு முக்கியமானவை அவைதான்.

ஜெனீவா மீளாய்வுக்கு அரசு அறிக்கை மட்டும் போவதில்லை. இங்குள்ள தொண்டு அமைப்புகளும் நேரடியாக எழுதி அனுப்பலாம். அவற்றை ஐ.நா. தொகுத்துத் தரும் சுருக்கம் மற்ற நாடுகளின் கைக்குப் போகும்; கேள்விகள் பலவும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.