கட்டிலுக்கு அடியில் கல்யாண ரவிக்கை

கேள்வி: எனக்கு 36 வயது. ஒன்றரை வருடமாக ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) கற்கிறேன். சங்கிலித் தையல், பாசி, கல் எல்லாம் சுத்தமாக வருகிறது. சர்தோசி மட்டும் படுத்துகிறது. ஒரு இதழ் மேடாக எழும்புகிறது, பக்கத்து இதழில் நூல் தெரிகிறது, துணி சுருங்குகிறது. இரண்டு டீச்சர் மாற்றிவிட்டேன். என் கணவர் ஆபீஸ் விட்டு வரும்போது ஹால் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று தினமும் துணியைச் சுருட்டி, அதை இழுத்துக் கட்டுகிற ஸ்டாண்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அதனால் நேரமும் குறைவு. இப்போது அண்ணன் மகளின் கல்யாண ரவிக்கை கைக்கு வந்திருக்கிறது. சென்னையில் 15,000 ரூபாயில் ஒரு பயிற்சி இருக்கிறதாம். சேரலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சேர வேண்டாம். அந்த இரண்டு டீச்சர்கள் மேலும் தப்பில்லை. ஸ்டாண்டைத் தினமும் கழற்றுகிறேன் என்று போகிற போக்கில் சொன்னீர்களே, வியாதி அங்கேதான் இருக்கிறது.

சர்தோசி என்பது நூல் இல்லை, மெல்லிய ஸ்பிரிங். இடத்தை அளந்து வெட்டி, பாசி கோக்கிற மாதிரி ஊசியில் கோத்துத் தைக்கிறோம். துண்டு ஒரு நூலளவு கூடினால் கம்பளிப்பூச்சி மாதிரி முதுகைத் தூக்கும். குறைந்தால் இரண்டு முனையிலும் நூல் பல்லைக் காட்டும். துணி மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தால்தான் இந்த அளவு நிற்கும். நீங்கள் திங்கட்கிழமை இறுக்கிக் கட்டுகிறீர்கள், செவ்வாய்க்கிழமை அவசரத்தில் கொஞ்சம் தளர்த்திக் கட்டுகிறீர்கள். பூ ஒன்று, இழுப்பு இரண்டு. சுருங்காமல் என்ன செய்யும்?

லக்னோவில் இந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கேயும் பரேலியிலும் ‘அட்டா’ என்கிற மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து தைப்பார்கள். பல வீடுகளில் குடும்பமே உட்காரும். தைத்து முடிகிறவரை சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும், வீட்டு ஆட்கள்தான் ஒதுங்கிப் போவார்கள்.

சரி, ஹால் காலியாக இருக்கவேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது? கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். அவர் முகம் சுளித்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்காமலே ‘இந்த மனுஷன் ஒத்துக்கொள்ள மாட்டான்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இதை நீங்கள் அடக்கம் என்பீர்கள். எனக்கு இது அவரை மட்டமாக எடைபோடுவதாகத் தெரிகிறது. தையல் மிஷினை யாராவது கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று பிள்ளைகள் பார்த்து வளரவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் இருக்கும்போதே, ஜன்னலோரம் ஸ்டாண்டைப் போடுங்கள். முனையைப் பிடித்து இழுத்துக் கட்ட அவரையே கூப்பிடுங்கள். முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், பத்து நாளில் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிடுவார்.

உங்கள் பக்கமும் கடமை இருக்கிறது. அந்த ஸ்டாண்டைச் சாக்குச் சொல்லி ராத்திரிச் சாப்பாடு கடைப் பரோட்டா ஆகக் கூடாது. வெட்டிய துணுக்கு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது, குழந்தைகள் காலில் ஏறும். எழுந்திருக்கும்போது உலர்ந்த பருத்தித் துணியால் மூடுங்கள். ஈரமும் வியர்வையும் பட்டால் சர்தோசி கறுத்துவிடும். அப்புறம், அத்தை முறைக்கு என்று கூலியை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், சாமான் காசை அண்ணனிடம் கண்டிப்பாக வாங்குங்கள்.

ரவிக்கையில் எழும்பி நிற்கிற இதழ்களைத் தட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பிரித்துவிடுங்கள். ஒருமுறை நசுங்கிய சர்தோசி திரும்ப உதவாது, புதிதாகத்தான் வெட்டவேண்டும். துணியை இறுக்கிக் கட்டிய பிறகு வெட்டுங்கள், முன்னால் வேண்டாம்.