ஸ்கூனர் என்ற பெயர் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பாய்க்கப்பல்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஸ்கூனரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அப்பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது என்கிறார் என் நண்பர். கப்பல் கடலில் இறங்கியபோது யாரோ சொன்ன சொல்லே பெயரானது என்றும் படித்தேன். எதை நம்புவது?

கே.

அன்புள்ள கே.,

ஸ்கூனருக்குப் பாய்மரங்கள் குறைந்தது இரண்டு. அதன் முக்கியமான பாய்கள் குறுக்காகத் தொங்குவதில்லை. முன்விளிம்பு பாய்மரத்தோடு பிணைக்கப்பட்டு, கீலில் திரும்பும் கதவைப்போல இருபக்கமும் அசையும்படி கப்பலின் நீளவாக்கில் அமைந்திருக்கும். ஆகவே காற்று ஏறக்குறைய எதிரே வீசினாலும் பக்கம் மாற்றி மாற்றி முன்னேறலாம். பெரும்பாலான பாய்களைத் தளத்தில் நின்றே கையாளலாம் என்பதால் ஆட்களும் குறைவாகப் போதும். வட அமெரிக்க மீனவர்களும் கரையோர வணிகர்களும் இதை விரும்பியது இதனால்தான்.

நீங்கள் படித்த கதை மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு உரியது. (இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் சென்று சேர்ந்த துறைமுகமும் இதுவே.) 1713-இல் ஆண்ட்ரூ ராபின்சன் கட்டிய கப்பல் நீரில் வழுக்கி இறங்கியதைக் கண்ட ஒருவர், “எப்படி ஸ்கூன் செய்கிறது (நீர்மேல் வழுக்கிச் செல்கிறது), பாருங்கள்!” என்று வியக்க, “அப்படியானால் இது ஸ்கூனராகவே இருக்கட்டும்” என்றாராம் ராபின்சன். இக்கதையைக் காட்டன் டஃப்ட்ஸ் என்பவர் எழுதிவைத்தது 1790-இல், அதாவது 77 ஆண்டுகள் கழித்து. அதற்கு வெகுமுன்பே, 1721-இல், மோசஸ் பிரின்ஸ் என்பவர், ஸ்கூனரை முதலில் வடிவமைத்தவர் ராபின்சனே என்றும், ஏறத்தாழ எட்டாண்டுகளுக்கு முன் அதைக் கட்டினார் என்றும் குறித்திருக்கிறார். ஆகவே ஊரையும் காலத்தையும் ஏற்கிறேன். அந்த உரையாடலை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. வடிவமைத்த பெருமையையும் ராபின்சனுக்கு முழுமையாகத் தந்துவிட முடியாது: இவ்வகைப் பாய்கள் கொண்ட இரட்டைப் பாய்மரக் கலங்கள் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களிலேயே இருக்கின்றன.

உங்கள் நண்பர் பெயரையும் டச்சு என்று கருத இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் தொடக்ககால ஆங்கில ஆவணங்களில், இன்றைய schooner என்பதிலுள்ள ‘ஹெச்’ எழுத்து இல்லாமலேயே இச்சொல் எழுதப்பட்டது; டச்சு எழுத்துமுறையின் சாயலில் அது பின்னர் நுழைந்தது. டச்சு மொழியின் ‘ஸ்கூனர்’ என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து போனதுதான். தட்டைக்கல்லை நீர்ப்பரப்பில் தத்திச் செல்லுமாறு எறிவதைக் குறிக்கும் ‘ஸ்கான்’ என்ற ஸ்காட்லாந்து வினைச்சொல்லை மூலமாகக் கருதுவோர் உண்டு. அது ஐயமற நிறுவப்படவில்லை எனினும், டச்சு மூலத்தைவிட அதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.