எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணினிக் கணக்கை மூத்த ஊழியர்கள் எதிர்க்கிறார்கள். 'அப்ரிசியேட்டிவ் இன்குவைரி' முறை உதவுமா? (திருகோணமலை)

உதவும், ஆனால் எதிர்ப்பை மழுப்பும் இனிப்புப் பேச்சாக அதைக் கையாண்டால் உதவாது. 1980களில் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கூப்பரைடரும் சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவும் உருவாக்கிய இம்முறை, எது பிழை என்று தோண்டுவதை விட்டு, எது எப்போது சிறப்பாக நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்டுத் தொடங்கி, விரும்பும் நிலையைக் கற்பனை செய்தல், வடிவமைத்தல், நடைமுறைப்படுத்தல் என்று நகர்கிறது.

மூத்த எழுதுவினைஞரிடம் "ஏன் மறுக்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். "ஐயா, இந்தப் பேரேடு ஒரு குடும்பத்துக்குக் கைகொடுத்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வாடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத குடும்பத்துக்குக் கடன் தவணையைத் தள்ளிவைக்கப் பக்க ஓரத்தில் தாம் எழுதிய குறிப்பை அவர் காட்டக்கூடும். அப்படியானால் அவர் காப்பது பழைய புத்தகத்தை அல்ல, அந்த ஓரக்குறிப்பையே. புதிய கணினித் திரையிலும் அதற்கு இடம் ஒதுக்கும்படி கேளுங்கள், அதை வடிவமைக்கும்போது அவரையும் உட்காரவையுங்கள்.

வேலை பறிபோகும் என்ற அச்சத்துக்கு இம்முறை மருந்தல்ல. குறைகளை ஓரங்கட்டுகிறது என்று இதன்மீது வைக்கப்படும் விமர்சனத்தில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. ஆகவே யாருடைய பதவிக்கு என்ன ஆகும் என்பதை நிர்வாகம் முதலில் எழுத்தில் தரட்டும். உரையாடல்களை ஊழியர்களே இருவர் இருவராக நடத்தட்டும்; முகாமையாளர் எதிரே அமர்ந்தால் எவரும் மனம் திறக்கமாட்டார்கள்.